கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் பாடிய அனுபவம்

எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழு திண்டுக்கல்லில் இருந்து வேன் பிடித்துக் குமரி மாவட்டம் போனது, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயம் வாழ்ந்த இடங்களைப் பார்க்க. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் இறங்கி, 1752-ல் அவரைச் சுட்டுக் கொன்ற பாறையடியில் ஒரு பாட்டு பாடினோம். காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போனது. அப்புறம் நேராக நாகர்கோவில், கோட்டாறு.

மறுநாள் காலைத் திருப்பலியில் பாட அனுமதி கிடைத்திருந்தது. அதனால் முந்தின சாயங்காலம் ஒத்திகை. அங்கேதான் விஷயமே. எங்கள் ஊர்க் கோவில் சின்னது, பாடினால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். இங்கே பாடி முடித்த பிறகும் குரல் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் கடைசி வாசல் வரை நடந்துபோய் நின்று கேட்டுவிட்டு, "ராகம் வருது, வார்த்தை வரலை" என்றார். 'இரக்கமாயிரும்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தோம். நடுவில் வரும் 'க்க' அழுத்தமாக விழ வேண்டும், கடைசி 'ம்'மை எல்லா வாயும் ஒன்றாக மூட வேண்டும். ஒருத்தர் கொஞ்சம் பிந்தினாலும் அந்த 'ம்' தனியாகக் கேட்கும். கீபோர்டில் இழுவை ஸ்வரங்களைக் குறைத்தோம், தாளத்தையும் தளர்த்தினோம். கடைசியில் மாஸ்டர் மைக்கை அணைக்கச் சொன்னார். அப்போதுதான் பெண்கள் குரலுக்கு அடியில் பேஸ் பாடும் அண்ணன்மார் குரல் தெளிவாக எழும்பியது. இத்தனை வருஷத்தில் எங்கள் குரலை நாங்களே அப்படிக் கேட்டதில்லை.

கோவில் சரித்திரம் பலருக்கும் தெரிந்திருக்கும். சவேரியார் 1540-களில் இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்து போதித்தவர். 1930-ல் கோட்டாறு மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) உருவானபோது இது பேராலயமானது. தேவசகாயத்தை அடக்கம் செய்ததும் இங்கேதான். 2012-ல் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி), 2022-ல் புனிதர் பட்டம். திருவிருந்துப் பாடலை அவர் கல்லறை இருக்கும் கோவிலில் பாடுகிறோம் என்ற நினைப்பே பலருக்குக் கண் கலங்க வைத்தது. எனக்கும்தான்.

திருப்பலி முடிந்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கேருந்து வாறிய மக்கா?" ஊரைச் சொன்னேன். "காணிக்கைப் பாட்டை இன்னொருக்கா பாடுங்க, எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்ச பாட்டாக்கும்" என்றார். கீபோர்டைக் கட்டி வேனில் ஏற்றியாயிற்று. படிக்கட்டுப் பக்கம் நின்று வெறுங்குரலில் பாடினோம். பாட்டியும் கூடவே பாடினார், ஒரு வரியும் விடாமல்.

பாடப் போகிற குழுக்கள் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி, உள்ளேயே ஒரு மணி நேரமாவது ஒத்திகைக்குக் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் 3-ல் சவேரியார் திருவிழா, அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்கு முந்தின பத்து நாளும் கூட்டம் அலைமோதும், அப்போது ஒத்திகைக்கு இடம் எதிர்பார்க்காதீர்கள்.