முதலாழ்வார்கள் ஏற்றியது எத்தனை விளக்கு?

கோவலூரான்:
நேற்று ஒரு சொற்பொழிவாளர், முதலாழ்வார்கள் (பொய்கையார், பூதத்தார், பேயார்) மூவரும் ஆளுக்கொரு விளக்கு ஏற்றினார்கள், அந்த வெளிச்சத்தில் பெருமாள் தெரிந்தார் என்று மேடையில் அடித்துப் பேசினார். பாசுரத்தைத் திறந்தாவது பார்த்தாரா? பொய்கையாழ்வார் வையத்தைத் தகளியாக்கி (தகளி என்றால் அகல்), கடலை நெய்யாக்கி, கதிரவனை விளக்காக்கினார். பூதத்தாழ்வாருக்கு அன்பு தகளி, ஆர்வம் நெய், உருகும் சிந்தை திரி. பேயாழ்வார் "திருக்கண்டேன் பொன்மேனி கண்டேன்" என்கிறார். அவர் கண்டவர். விளக்கு இரண்டுதான்.

பொருநைக்கரை:
அடுத்த வரியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? "திகழும் அருக்கன் அணிநிறமும் கண்டேன்" என்று அவரும் சூரியனைக் கொண்டு வருகிறாரே. மூன்று பாட்டிலும் ஒளி இருக்கிறது. மூன்று என்றால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கோவலூரான்:
அது பெருமாளின் மேனி நிறம். திருக்கோவலூரில் ஒரு வீட்டின் ஒடுங்கிய இடைகழியில் மூவரும் ஒதுங்கிய மழை இரவு. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள், அதுதான் பெருமாள். யாரென்று பார்க்கத்தான் விளக்கு. முதல் விளக்கில் புற இருள் போனது, அடுத்ததில் அக இருள் போனது. மூன்றாவதற்கு அங்கே என்ன வேலை? இரண்டுதான்.

தில்லைவாசி:
அகவிளக்கு உங்கள் சொத்து மாதிரி பேசுகிறீர்கள். அப்பர் தேவாரம் படித்ததுண்டா? உடம்பு வீடு, உள்ளம் தகளி, உணர்வு நெய், உயிர் திரி, ஞானம் தீ. அப்படி எரியவிட்டு இருந்து பார்த்தால் "கடம்பமர் காளை தாதை கழலடி காணலாமே" என்கிறார், அதாவது முருகனின் தந்தை சிவனின் திருவடியைக் காணலாம் என்று. நான்காம் திருமுறையில் இருக்கிறது.

கோவலூரான்:
பூதத்தார் முந்தியவர். யார் யாரிடம் கேட்டிருப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

தில்லைவாசி:
யோசித்தாயிற்று. பூதத்தார் மாமல்லையை, அதாவது மாமல்லபுரத்தைப் பாடுகிறார். மாமல்லன் என்பது நரசிம்மவர்மனின் பட்டம், அவன் ஆட்சி 630 முதல் 668 வரை. அப்பரோ அவன் தந்தை மகேந்திரவர்மன் காலத்திலேயே பாடத் தொடங்கிவிட்டார். இப்போது யார் முந்தியவர்?

கோவலூரான்:
மல்லை என்ற ஊர் அரசன் பட்டம் சூட்டும் வரை காத்திருந்ததா? போன மார்கழியிலும் திருப்பாவைப் பேச்சில் புகுந்து இப்படித்தான் திருவெம்பாவைக்கு இழுத்துப் போனீர்கள். நான் மறக்கவில்லை. இங்கே கேள்வி விளக்கு எத்தனை என்பது. இரண்டு.

புதுவரவு:
வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதியையும் இதில் சேர்க்கலாமா?

கோவலூரான்:
வள்ளலார் 19ஆம் நூற்றாண்டு. நாம் பேசுவது அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய பாட்டு. தனியாக ஒரு இழை தொடங்குங்கள்.

தில்லைவாசி:
புதிதாக வந்தவரை இப்படித்தான் விரட்டுவதா? "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ் சோதி" என்று மாணிக்கவாசகர் பாடினாரே, வள்ளலாருக்கு அந்த வழி தெரியாதா? ஐயா, நீங்கள் எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

பொருநைக்கரை:
சரி, கோவலூரார் கணக்குக்கே வருகிறேன். "ஞானச் சுடர்விளக்கு ஏற்றினேன்" என்று சொன்னவர் பூதத்தார் ஒருவர்தான். பொய்கையார் தான் ஏற்றியதாகச் சொல்லவே இல்லை, சொன்மாலை சூட்டினேன் என்றுதான் முடிக்கிறார். அப்படியானால் விளக்கு ஒன்றா?

கோவலூரான்:
தகளி, நெய், விளக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஏற்றாமல் போவாரா? வையமும் கடலும் அகல்விளக்காக நிற்கிற அந்த அளவைப் பாருங்கள். அதைவிடப் பெரிய விளக்கை யார் ஏற்றினார்? வம்புக்குக் கணக்குப் போடாதீர்கள்.

பொருநைக்கரை:
சொல்லாததைப் பொய்கையாருக்குச் சேர்த்துக் கொடுப்பீர்கள், பேயாருக்கு மட்டும் கொடுக்க மாட்டீர்கள். என்ன நியாயம்?

கோவலூரான்:
பேயார் நூறு பாட்டில் முதல் பாட்டிலேயே கண்டுவிட்டார். கண்டவருக்கு விளக்கு எதற்கு? இரண்டுதான். நாளை மற்ற பாசுரங்களோடு வருகிறேன்.

தில்லைவாசி:
வரும்போது மாமல்லைக்கும் பதில் கொண்டு வாருங்கள்.