பெய்ட்காஸ்டர் தூண்டில் ரீலில் வீசப் பழகியவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்குச் சிக்கு எங்கே விழுந்தது?

ஏரிக்கரை (செங்கல்பட்டு):

எங்கள் பக்கம் விராலுக்கு ரப்பர் தவளை போடுகிறவர்கள் ஒவ்வொருவராக பெய்ட்காஸ்டருக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் உண்டு. ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் நடுவே அடித்த விராலை வெளியே இழுக்க முரட்டு ராடும் தடித்த பிரெய்டும் (பின்னல் தூண்டில் நரம்பு) வேண்டும். அதைவிட முக்கியம், கொடிகளுக்கு இடையில் தெரியும் சின்ன இடைவெளியில் தவளையை இறக்க வேண்டும். பறந்துகொண்டிருக்கும் தவளையைக் கட்டைவிரலை ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) வைத்து நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதே, அந்தச் சுகத்துக்காகத்தான் இந்த ரீல்.

ஆனால் ஸ்பின்னிங் ரீலில் கரை தாண்டி வீசுகிறவர்கள்கூட இதைக் கையில் எடுத்ததும் திணறுகிறார்கள். ஸ்பின்னிங்கில் ஸ்பூல் அசையாது, நரம்பு மட்டும் கழன்று ஓடும். இதில் ஸ்பூலே சுற்றித்தான் நரம்பைக் கொடுக்கிறது. லூரின் (தவளை மாதிரியான போலி இரை) வேகம் காற்றில் குறைந்துகொண்டே போகும். ஸ்பூலுக்கு அது தெரியாது, தன்பாட்டுக்குச் சுற்றும். வெளியே போக முடியாத நரம்பு உள்ளுக்குள்ளேயே உப்பிச் சுருண்டு இடியாப்பமாகிவிடும்.

என் கணிப்பில் சிக்கு இரண்டு வகை. ஒன்று வீசிய கணத்திலேயே விழுவது. ஸ்பூல் படாரென்று கிளம்பி லூரை முந்திவிடும். லூர் சில அடி தூரத்தில் வெடுக்கென்று நின்று விழும், சில சமயம் அறுத்துக்கொண்டே போய்விடும். இன்னொன்று லூர் தண்ணீரைத் தொட்ட பிறகு விழுவது. லூர் நின்றுவிட்டது, ஸ்பூல் நிற்கவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்து தேடுவதால்தான் பலர் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். புதிதாகக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, “லூர் எங்கே விழுந்தது?” என்றுதான்.

பழக ஏரிக்குப் போக வேண்டாம். ஆளில்லாத மைதானம் போதும். முள் இல்லாத 14 கிராம் எடை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்பூலின் வேகத்தைக் குறைக்கும் பிரேக்கை முழுதாக ஏற்றி வையுங்கள். கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகை, பொத்தானை அமுக்கி விட்டால் எடை மெதுவாக இறங்கும் அளவுக்கு இறுக்குங்கள். எடை தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்க வேண்டும். கை பழகப் பழக இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம்.

உங்களுக்கு எந்தச் சிக்கு? எப்படிச் சரியானது?

பிடோக் பக்கத்து ஆள் (சிங்கப்பூர்):

எனக்கு முதல் வகை, சந்தேகமே இல்லை.

இங்கே நீர்த்தேக்கங்களில் அதற்கென்று ஒதுக்கிய இடங்களில்தான் மீன்பிடிக்கலாம். உயிருள்ள இரை கூடாது, லூர் மட்டும்தான். அதனால் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் வழக்கமே கிடையாது, எல்லாரும் வீசிக்கொண்டே நடப்பவர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்ட பீகாக் பாஸ்தான் பலருக்கும் இலக்கு. அதற்குப் போடும் லூர் சின்னது, 7 கிராம், சில நேரம் அதைவிடவும் குறைவு. எடை குறையக் குறைய, சாதாரண ஸ்பூலைச் சுற்ற வைக்கும் தெம்பு லூருக்கு இருக்காது. ஆள் என்ன செய்வான்? பலத்தைக் கூட்டுவான். அங்கேதான் வம்பு.

பக்கத்தில் வீசிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர் என் ராடைக் கேட்டு வாங்கினார். ஒன்றும் விளக்கவில்லை. ராடின் நுனியைப் பின்னால் கொண்டுபோய், லூரின் கனத்தில் நுனி வளையும்வரை பொறுத்து, மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் மட்டும் வேகம் கொடுத்தார். நான் தொடக்கத்திலேயே முழு வேகத்தையும் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, ரீலின் கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி வைத்தார். வலக்கைப் பிடி ரீலை வலக்கையால் வீசும்போது இப்படி வைத்தால்தான் மணிக்கட்டு தாராளமாக மடங்குகிறது. ரீல் நேராக மேலே பார்த்தபடி இருந்தால் முழங்கை வேலை செய்யும், வீச்சு உதறலாகிவிடும்.

காற்று எதிரே அடித்தால் பிரேக்கை இரண்டு எண் ஏற்றிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் யாராவது ஓடிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிடோக்கில் மீனைவிட ஓடுகிறவர்கள் அதிகம்.

பழைய ரீல் (தூத்துக்குடி):

தம்பிகளா, எல்லாரும் பிரேக், பிரேக் என்கிறீர்கள். என் மாமா சவுதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஆபு அம்பாசடர் உருண்டை ரீலில்தான் நான் பழகினேன். ஆபு ஸ்வீடன் நிறுவனம், 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியது. இந்த வகை ரீலின் பூர்வீகமே கடிகாரக்காரர்கள்தானாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரம் வைத்துச் செய்ததும் அவர்கள்தான்.

என் ரீலின் பக்கத் தட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு சின்னக் கட்டைகள் இருக்கும். ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் அவை வெளியே தள்ளி உரசும். வெளியே எண் போட்ட திருகெல்லாம் கிடையாது, எனவே யாரும் அதைத் தொடுவதில்லை. மிச்சம் எல்லாம் கட்டைவிரல். ஸ்பூல் கனமானது, கிளம்பினால் நிற்காது. விரலை எடுக்கவே கூடாது, அழுத்தவும் கூடாது. நரம்பு உப்பத் தொடங்குவது விரலுக்குக் கண்ணுக்கு முன்பே தெரிந்துவிடும். பிரேக்கை முழுதாக ஏற்றிவிட்டுப் பழகுகிறவனுக்கு இந்த உணர்வு வரவே வராது என்பது என் கட்சி. முதல் நாளிலிருந்தே பாதி பிரேக்கில் பழகுங்கள்.

சனிக்கிழமை மீனவன் (கோவை):

இவ்வளவு பாடு எதற்கு? ஷிமானோவின் டிசி ரீல் வாங்கினால் போதாதா? ஸ்பூல் சுற்றுவதிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது, பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் சில்லு வேகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே பிரேக் போடுகிறது. வீசும்போது கீஇஇங் என்று ஒரு சத்தம் வேறு. அந்தச் சத்தத்துக்கே கொடுக்கலாம் காசு.

ஏரிக்கரை (செங்கல்பட்டு):

சனிக்கிழமைத் தம்பி, நண்பர் ஒருவரின் டிசியை வீசிப் பார்த்திருக்கிறேன். வீசும் கணத்துச் சிக்கு அநேகமாக இல்லாமல் போய்விடுகிறது, உண்மை. ஆனால் பத்தடிக்கு அப்பால் அல்லி இலை ஓரமாகத் தவளையைத் தாழ்வாக எறிகிறோம், அது இலையில் பட்டு நின்றுவிடுகிறது. தவளை எங்கே நிற்கப்போகிறது என்று சில்லுக்கு எப்படித் தெரியும்? அங்கே விரல்தான் வர வேண்டும்.

பழைய ரீல் அண்ணே சொன்னதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். உரசும் கட்டை பிரேக்கின் பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஸ்பூல் அதிவேகமாகக் கிளம்பும்போது கெட்டியாகப் பிடித்து, வேகம் இறங்கியதும் சட்டென்று விட்டுவிடும். கடைசிக் கட்டத்தில் அது இருந்தும் இல்லாத மாதிரி, அதனால்தான் உங்கள் விரலுக்கு அவ்வளவு வேலை. காந்த பிரேக் அப்படியல்ல. அலுமினிய ஸ்பூல் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அதன் பக்கத்தில் சுற்றினால் உள்ளே மின்சுழல் உண்டாகி வேகத்தை இழுத்துப் பிடிக்கும். வேகம் குறைந்த பிறகும் அந்தப் பிடி ஓரளவு இருக்கும். வீச்சின் தூரம் கொஞ்சம் குறையும், ஆனால் புதியவனுக்கு அது நல்லது.

ஆக, முழு பிரேக்கில் தொடங்கினால் விரலுக்கு உணர்வு வராது என்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் சிக்கை பிரேக் பார்த்துக்கொண்டால்தான் இரண்டாவதைக் கவனிக்க மனசுக்கு இடம் இருக்கும். லூர் தண்ணீரைத் தொடப்போகும் கணத்தில் விரலை வைத்து ஸ்பூலை நிறுத்துவது, இந்த ஒன்றை மட்டும் முதலில் பழகச் சொல்லுவேன். அதற்குத் தூரம் வேண்டாம். தரையில் ஒரு பக்கெட்டை வைத்து அதன் முன்னால் எடையை நிறுத்தப் பழகினாலே போதும்.

பழைய ரீல் (தூத்துக்குடி):

சரி, பக்கெட் யோசனை நன்றாக இருக்கிறது. என் மகனுக்கு அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். டிசிக்கு மட்டும் காசு தர மாட்டேன்.

கழிமுகம் (கடலூர்):

சிக்கு விழாமல் இருக்க எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். விழுந்த பிறகு என்ன செய்வது என்று நான் சொல்கிறேன். கத்தியைத் தேடாதீர்கள். கட்டைவிரலை ஸ்பூலில் பலமாக அமுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சில சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானை அமுக்கி நரம்பை மெதுவாக வெளியே இழுங்கள். பாதிச் சிக்கு அப்படியே வழிந்து வந்துவிடும். எங்கேயாவது தடுத்தால் இழுக்காமல் மறுபடி அமுக்கிச் சுற்றுங்கள். சிக்கு என்பது பெரும்பாலும் முடிச்சல்ல, ஒன்றின் கீழ் ஒன்று மாட்டிக்கொண்ட வளையம்தான். கோபத்தில் வெடுக்கென்று இழுத்தால்தான் அது முடிச்சாகிறது.

பழகும்போது முழு ஸ்பூலும் சிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. வழக்கமாக வீசும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இழுத்ததைத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமான சிக்கும் டேப்பைத் தாண்டாது. ஆனால் மைதானத்தில் மட்டும். பெரிய மீன் வந்து நரம்பை உருவினால் அந்த டேப்பே வினையாகிவிடும்.

பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டாதீர்கள். வழுவழுப்பான ஸ்பூலில் அது மொத்தமாக வழுக்கிச் சுற்றும், டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அடியில் சில சுற்று தங்கூசு நரம்பு ஓட்டி, அதோடு பிரெய்டை முடிந்துகொள்ளுங்கள். பழகும் நாட்களுக்கு முழுக்கத் தங்கூசே போட்டாலும் தப்பில்லை. கொஞ்சம் தடித்தது, சிக்கைப் பிரிக்கவும் எளிது, விரலையும் அறுக்காது.

கடைசியாக, முகத்துவாரத்தில் கொடுவாவுக்குப் போகிறவர்களுக்கு. உப்புத் தண்ணீர் பட்ட ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் காயவைத்து, பேரிங்கில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். உப்பு பிடித்த பேரிங்கோடு வீசிவிட்டு வீச்சு சரியில்லை என்று பிரேக்கைத் திருகிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை மீனவன் (கோவை):

அண்ணே, அந்தத் தங்கூசு எத்தனை பவுண்டு? நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.

கழிமுகம் (கடலூர்):

12 பவுண்டு வாங்குங்கள்.