வீட்டுப் பத்திரத்தில் இனத்தடை வாசகம்: நீக்க யாரை அணுகுவது?

நோகோமிஸ்வாசி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரின் தென்பகுதியில், நோகோமிஸ் ஏரிக்குப் பக்கத்தில், 1930-களில் கட்டிய வீடொன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். சென்ற வாரம் வேலித் தகராறு ஒன்றுக்காகப் பழைய பத்திர நகல்களைப் புரட்டினேன். கோழி வளர்க்கக் கூடாது, தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும் என்பவற்றுக்கு நடுவே, அதே தொனியில் இன்னொரு வரி. காகேசிய இனத்தவர் (வெள்ளையர்) அல்லாத எவருக்கும் இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, அவர்கள் குடியிருக்கவும் கூடாது. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்கைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என் தாத்தா வீட்டில் கொல்லை வழியாக மட்டும் வந்துபோனவர்களின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன.

இது இன்றும் செல்லுமா? நீக்க எவ்வளவு செலவாகும்? இன்னொன்று: மகனுக்குப் பள்ளியில் சமூக சேவை மணிநேரம் காட்ட வேண்டும். இதையொட்டி ஏதாவது வேலை உண்டா?

வில்லங்கம்_பார்ப்பவள்

செல்லாது, அண்ணா. இத்தகைய தடைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல், செயின்ட் லூயிஸ் வீடு ஒன்றைப் பற்றிய ஷெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். மினசோட்டா 1953-இல் புதிதாக எழுதுவதைத் தடுத்தது. 1968-இல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வீட்டுவசதிச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

அந்தத் தடையை ஏற்கவில்லை என்று வீட்டுக்காரரே ஓர் ஆவணம் பதிய 2019-இல் மாநிலச் சட்டம் வழி செய்தது. ஜஸ்ட் டீட்ஸ் என்ற அமைப்பில் தன்னார்வ வழக்கறிஞர்கள் பத்திரத்தைத் தேடி, படிவத்தை நிரப்பித் தருகிறார்கள். கட்டணம் இல்லை. மினியாபொலிஸ் நகராட்சியும் அதில் சேர்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய வரி அழியாது. அதை ஏற்கவில்லை என்ற புதிய தாள் அதன் பின்னால் சேரும், அவ்வளவுதான்.

சனிக்கிழமைத்_தன்னார்வலர்

மகனுக்கான வேலை என்னிடம் இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேப்பிங் பிரிஜுடிஸ் குழு 2016 முதல் இந்தத் தடைகளை வரைபடத்தில் குறித்து வருகிறது. சந்தேகத்துக்குரிய சொற்கள் உள்ள பக்கங்களைக் கணினி பிரித்துக் கொடுக்கும். நாம் படித்து, தடை உண்டா, எந்த மனை, எந்தத் தேதி என்று எழுத வேண்டும். ஒரே பத்திரத்தைப் பலர் படிப்பதால் பையன் பிழை செய்தாலும் பிடிபட்டுவிடும். மணிநேரக் கணக்கைப் பள்ளி ஏற்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என் பெண்ணுக்கு அதில்தான் இழுபறி ஆனது.

நம்மவர்கள் சிலர் ‘நாமும் காகேசியர்தானே’ என்று இங்கே வாதாட வருவார்கள். பஞ்சாபிலிருந்து அமெரிக்கா வந்த பகத் சிங் திந்த் அதையே சொல்லித்தான் குடியுரிமை கேட்டார். சாதாரண மனிதன் புரிந்துகொள்ளும் பொருளில் நீர் வெள்ளையர் இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது.

கணக்குப்பிள்ளை

தாள் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் அன்று வாசலில் தடுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பத்தின் பேரப்பிள்ளைக்கு அதனால் ஒரு செங்கல்லாவது கிடைக்குமா? வீட்டு விலை ஏற ஏற, வாங்கியவர் வீட்டில் சொத்து சேர்ந்தது. வாங்க விடாதவர்கள் வாடகை கட்டினார்கள். மிச்சக் காசு இருந்தால் சிட்டி ஆஃப் லேக்ஸ் நில அறக்கட்டளையைப் பாருங்கள். 2002-இல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், வீட்டை மட்டும் குடும்பம் வாங்கும். அதனால் விலை கைக்கு எட்டும். விற்கும்போது லாபத்தில் ஒரு பங்குதான் அந்தக் குடும்பத்துக்கு. அடுத்த குடும்பத்துக்கும் எட்ட வேண்டுமே.

நோகோமிஸ்வாசி

கணக்குப்பிள்ளை ஐயா, சுருக்கென்று பட்டது. மாதம் ஒரு தொகை அனுப்ப மனைவியிடம் பேசியிருக்கிறேன். சமையலறையை மாற்றும் திட்டம் தள்ளிப்போகிறது, அவள் முகம் சரியில்லை. தடையை ஏற்கவில்லை என்ற ஆவணத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். மகன் நேற்றிரவு பதினோரு பத்திரங்கள் படித்தான். அதில் ஒன்று எங்கள் தெருக்கோடி வீடு. வேலித் தகராறு செய்தவருடையது. அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.