மந்திரம் பழகும் பிள்ளைகள் கதை: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி

யானைமலை வாசகர்:
பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிய நாவல், கையெழுத்துப் பிரதியாகவே படிக்கக் கிடைத்தது. மதுரையில் நாலு பேர் மந்திரம் பழகுகிறார்கள். மூணாவது அத்தியாயத்தில் மீனாட்சி கோயில் கல்யானைக்கு ஒரு பையன் கரும்பை நீட்டுகிறான், யானை வாங்கித் தின்கிறது, அத்தியாயம் முடிகிறது. அந்தக் கடைசி வரிதான் இன்னும் உறுத்துகிறது. திருவிளையாடற்புராணத்தில் யானை கரும்போடு நிற்கவில்லையே! பாண்டியன் கழுத்து முத்துமாலையையும் பறித்து விழுங்குகிறது. கல்யானைக்கு உயிர் கொடுத்த சித்தரை அடிக்கப் பாய்ந்த காவலர்கள், அவர் 'நில்' என்றதும் ஓங்கிய கையோடு அப்படியே நிற்கிறார்கள். ஏவிவிட்ட வித்தை அளவு தாண்டியதும் அடுத்த வித்தை தேவைப்படுகிறது பாருங்கள், அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. கரும்போடு நிறுத்தினால் அது வெறும் அற்புதம்.

திருப்பத்தூர்க்காரி:
அண்ணே, அந்தச் சித்தர் சாட்சாத் சிவபெருமான். கத்துக்குட்டிகளுக்கு அவரை அளவுகோலாக வைக்கலாமா? பழகுகிறவர்கள் கதை வேண்டுமென்றால் அதே புராணத்தில் பட்டமங்கை என்ற ஊரின் கதை இருக்கிறது. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேருக்கு அட்டமா சித்தி, அதாவது எட்டு அபூர்வ சக்திகள், உபதேசம். சிவபெருமானே குரு. கவனம் பிசகிப் பாடத்தை மறந்தார்கள். ஆலமரத்தடியில் ஆயிரம் வருஷம் கல்லாகக் கிடந்தார்கள். அப்புறம் குருவே திரும்ப வந்து மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பிரதியில் எனக்கு நெருடியது ஐந்தாம் அத்தியாயம். எட்டு சித்தியும் நாலு பேருக்கும் வந்துவிடுகிறது, மொத்தம் முப்பத்திரண்டு. அதற்குமேல் எந்தக் கதவும் அவர்களுக்குப் பூட்டாக இருக்காது. ஆளுக்கு ஒன்று போதும் தங்கச்சி. எதிரெதிரானவற்றைச் சோடி சேர். இலகிமா வந்தவள் பஞ்சாக லேசாவாள், யானைமலை உச்சிக் காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போகும். கனம் கூட்டும் கரிமா வந்தவன் கையைப் பிடித்தால்தான் நிற்பாள். அவன் கனத்தோடு மலை ஏற முடியாது. லேசாகவே ஏறி, உச்சியில் கனக்க வேண்டும். பத்து மூச்சுதான் தாங்கும் என்று முதலிலேயே சொல்லிவிடு. வைகை மணலில் அவன் கனத்தால் முழங்கால் வரை புதைவான். பதினோராவது மூச்சில் கனம் போய்விடும், ஆனால் கால் மணலுக்குள்தான் இருக்கும். எந்த விதியையும் பிள்ளைகள் மீறுவதற்கு இரண்டு அத்தியாயம் முன்னாலேயே வாசகர் கண்ணில் காட்டிவிடு. மாட்டிக்கொண்ட பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

செப்புக்காரர்:
ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பெண் தெருவித்தைக்காரரிடம் செப்படி வித்தை படிக்கிறாள். முதல் நாளே வந்துவிடுகிறதாம்! அங்கேதான் புத்தகத்தை மூடத் தோன்றியது. மூன்று செப்புக் கிண்ணம், பார்க்கிறவர் கணக்கில் மூன்று துணிப்பந்து, நாலாவது பந்து விரலிடுக்கில். செப்பின் தலையில் இருக்கும் குமிழைப் பிடித்துக் கவிழ்க்கிற அதே வீச்சில் பந்து உள்ளே போயிருக்க வேண்டும். புதுசாகப் பழகுகிறவர்களைப் பந்து காட்டிக்கொடுப்பதில்லை, கண் காட்டிக்கொடுக்கும். ஒளித்த கையையே பார்ப்பார்கள், கூட்டமும் அங்கேயே பார்க்கும். விரல் இறுகிச் சுண்டுவிரல் தனியாக விறைத்து நிற்கும். பந்து பெரிதாக இருந்தால் விரல் மூடாது, வழுவழுப்பாக இருந்தால் நழுவும். அந்த விறைத்த சுண்டுவிரலை எழுதினால் அந்தப் பக்கத்துக்கு உயிர் வந்துவிடும். நிஜ மந்திரத்துக்கும் இதே கைதானே?

வண்டியூர் தம்பி:
அக்கா, கவனம் பிசகினால் மட்டுமா தண்டனை? கவனம் கூடினாலும் உண்டு. அழகர் மலைத் தீர்த்தமான நூபுர கங்கையில் தவத்தில் மூழ்கிய சுதபஸ் முனிவர் துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. அதற்குத்தான் தவளையாகச் சாபம். வருஷாவருஷம் சித்திரையில் வண்டியூர் பக்கம் தேனூர் மண்டபத்தில் அழகர் மோட்சம் கொடுப்பது அவருக்குத்தான். பட்டமங்கைக் கல்லும் வண்டியூர்த் தவளையும் ஒரே கதைக்குள் வரட்டும். நாலு பேரில் ஒருத்தி பாடத்தை மறக்கிறவள். இன்னொருத்தி தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பழகும்போது கரையில் கூப்பிடுவது காதில் விழாதவள். கூப்பிடுவது அந்த மறதிக்காரியாகவே இருக்கட்டும், கணுக்கால் வரை கல்லாகிவிட்ட நிலையில்.