உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு: “அப்ப ஏன் 1789?” என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பாடம் செய்வது?

கேள்வி: கொட்டாஞ்சேனை மிஸ்

வணக்கம். கொழும்பு வடக்கில் ஒரு பெண்கள் பாடசாலையில் 12, 13ஆம் தரங்களுக்குத் தமிழ்மொழி மூலம் வரலாறு படிப்பிக்கிறேன். இலங்கை வரலாறு என்றால் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். ஐரோப்பிய வரலாறு தொடங்கியதும் வகுப்பு அப்படியே அடங்கிப்போகிறது.

கொப்பிகளைப் பார்த்தால் எல்லாரிடமும் ஒரே பக்கம்: பிரான்சியப் புரட்சிக்கான காரணிகள், அரசியல், பொருளாதாரம், சமூகம், தத்துவஞானிகள். ரியூஷன் நோட்ஸ். ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். போன கிழமை மட்டக்குளியில் இருந்து வரும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “மிஸ், இந்தக் காரணம் எல்லாம் 1750லயும் இருந்திச்சுதானே. அப்ப ஏன் 1789?” அன்றைக்கு மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்தே முழு அலகையும் கட்டி எழுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை.

புரொஜெக்டர் இல்லை. பாடவேளை 40 நிமிடம். இணையத்தில் கிடைக்கும் மூல ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். என் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது வாசிக்க வராது. படிப்பித்து அனுபவம் உள்ளவர்கள் எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, வெள்ளவத்தை

மகள், அந்தப் பிள்ளையின் கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதுங்கள். அலகு முடியும்வரை அழிக்க விடாதீர்கள்.

காரணிப் பட்டியலில் உள்ளவை பொய் இல்லை. ஆனால் அதில் காலம் இல்லை. பிரபுக்களின் சலுகைகள் பல தலைமுறையாக இருந்தவை. வோல்டயரும் ரூசோவும் 1778இலேயே இறந்துவிட்டார்கள். இவற்றை மட்டும் வைத்து ஒரு வருடத்தை, ஒரு மாதத்தை விளக்க முடியாது. அதனால் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுக் காசில் தொடங்குங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்தேன்.

1778 முதல் 1783 வரை அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் நின்று பிரான்ஸ் பிரித்தானியாவோடு போரிட்டது. வென்றது, ஆனால் கடன்பட்டு வென்றது. 1786 ஆகஸ்டில் நிதிப் பொறுப்பிலிருந்த கலோன், அரசர் பதினாறாம் லூயியிடம் போய் அரசு வங்குரோத்தின் விளிம்பில் நிற்கிறது என்கிறார். பிரபு, குரு, குடியானவன் என்ற பேதமில்லாமல் நிலம் உள்ள எல்லாரும் வரி கட்டட்டும் என்பது அவருடைய திட்டம். 1787 பெப்ரவரியில் பிரமுகர் சபையைக் கூட்டி அதை முன்வைத்தார்கள். சபை இணங்கவில்லை, ஏப்ரலில் கலோனின் பதவி போனது. பின்னால் வந்த பிரியேன், பாரிஸ் பார்லமோன் எனும் உயர் நீதிமன்றத்தோடு மோதினார். 1788 ஜூலை 13ஆம் திகதி பெரும் ஆலங்கட்டி மழை. அந்த வருட அறுவடை மோசம். ஆகஸ்டில் அரசு கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அதே மாதம், 1614க்குப் பிறகு ஒருமுறையும் கூடாத எஸ்டேட்ஸ் ஜெனரல் எனும் மூவகுப்பார் சபை அடுத்த மே மாதம் கூடும் என்று அறிவிக்க வேண்டி வந்தது.

இதை நீங்கள் விரிவுரையாகச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு துண்டுத்தாளில் திகதி இல்லாமல் எழுதி, ஐந்தைந்து பேராகப் பிரித்துக் கொடுங்கள். பிள்ளைகள் வரிசைப்படுத்தட்டும். பிறகு ஒரு துண்டை உருவி எடுத்துவிட்டு, இது நடக்காமல் இருந்திருந்தால் அடுத்தது நடந்திருக்குமா என்று கேளுங்கள். ஆலங்கட்டி மழை பெய்யாவிட்டாலும் கடன் நெருக்கடி வந்திருக்கும். ஆனால் 1789 ஜூலையில் பாரிஸ் தெருவுக்கு அவ்வளவு சனம் இறங்கியிருக்குமா? இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். நேரம் போகிறதே என்று நிறுத்தாதீர்கள்.

பாண் கணக்கும் செய்யச் சொல்லுங்கள். பாரிசில் நான்கு இறாத்தல் பாண் வழக்கமாக 8, 9 சூ (அக்காலப் பிரெஞ்சுச் சில்லறை நாணயம்). 1789 பெப்ரவரியில் 14½ சூ. கூலித் தொழிலாளியின் நாட்சம்பளம் 20இலிருந்து 30 சூ. வீட்டில் ஐந்து பேர் என்றால் வாடகைக்கும் விறகுக்கும் என்ன மிஞ்சும்? 2022இல் காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் இவர்கள். நீங்கள் எதையும் ஒப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை, அவர்களே சொல்வார்கள். சொன்னதும் அடுத்த கேள்வியைப் போடுங்கள்: பசி வந்த இடமெல்லாம் புரட்சி வருவதில்லை, அப்படியானால் பிரான்சில் பசியோடு வேறு என்ன சேர்ந்தது?

அதற்குப் பதில் வாக்கெடுப்பு முறையில் இருக்கிறது. வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள்: குருமார், பிரபுக்கள், மற்ற எல்லாரும். மூன்றாம் வகுப்புக்கு மற்ற ஒவ்வொன்றையும் போல இரண்டு மடங்கு ஆட்கள். 1788 டிசம்பரில் அரசர் அதற்குச் சம்மதித்திருந்தார். வரிச்சலுகை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுங்கள், வகுப்புக்கு ஒரு வாக்கு. இரண்டுக்கு ஒன்று. எத்தனை தடவை எடுத்தாலும் இரண்டுக்கு ஒன்று. பிறகு தலைக்கு ஒரு வாக்கு என்று எண்ணுங்கள். என் வகுப்பில் மூன்றாம் வகுப்பாய் இருந்த பிள்ளைகள் கோபத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பியிருக்கிறார்கள். அந்தக் கோபம் அடங்குமுன் 1789 ஜூன் 17ஐயும் 20ஐயும் சொல்லிவிடுங்கள்: தங்களைத் தேசிய சபை என்று அறிவித்ததும், அரசியலமைப்பு வரும்வரை கலைவதில்லை என்று டெனிஸ் மைதானத்தில் எடுத்த சத்தியப்பிரமாணமும். மறக்கவே மாட்டார்கள்.

இன்னொன்று. நான் இந்த அலகைத் தொடங்குவது பாரிசில் இல்லை, கொழும்பில். உங்கள் பாடசாலையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வுல்பெண்டால் தேவாலயம் இருக்கிறது, ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்தது. அதைக் கட்டியவர்கள் 1796 பெப்ரவரியில் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஏன் ஒப்படைத்தார்கள் என்று கேளுங்கள். “ஆங்கிலேயர் பலசாலிகள்” என்று பதில் வரும். வரட்டும். பிறகு சொல்லுங்கள்: 1795 ஜனவரியில் புரட்சிப் பிரான்சின் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. ஆட்சியாளர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். பெப்ரவரியில் கியூ மாளிகையிலிருந்து, குடியேற்றங்களை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் விடுங்கள் என்று தன் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒல்லாந்தில் பிரான்சின் பக்கம் சாய்ந்த பட்டேவியக் குடியரசு வந்துவிட்டது. கொழும்பில் இருந்த ஆளுநர் வான் அங்கெல்பெக் யாருடைய பேச்சைக் கேட்பது? அந்த ஆகஸ்டில் திருகோணமலை போனது, செப்டெம்பரில் யாழ்ப்பாணம். கொழும்புக் கோட்டையைக் காத்து நின்ற த மூரோன் படையணி சுவிஸ் கூலிப்படை. அதன் உரிமையாளரை ஐரோப்பாவிலேயே பேசி ஆங்கிலேயர் பக்கம் திருப்பியவர் ஹியூ கிளெக்ஹோர்ன். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1802 ஆமியன்ஸ் உடன்படிக்கையில் இலங்கையின் கரையோரம் முறைப்படி பிரித்தானியாவுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது.

1789 ஜூலையில் பாரிசின் பஸ்டில் சிறைக்கோட்டை விழுந்து ஏழு வருடம் முடியுமுன் அதன் அலை கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டது. இதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் ‘எங்கேயோ நடந்தது’ என்று உட்கார்ந்திருக்காது.

தமிழில் ஆவணம் கேட்டீர்கள். 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 17 உறுப்புரைகளில் முக்கியமானவற்றைத் தமிழாக்கி வகுப்பில் கொடுத்து வந்தேன். கையெழுத்துப் பிரதிதான். படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

பதில்: பம்பலப்பிட்டி ரியூட்டறி சேர்

மிஸ் சொன்ன முறை அருமை, மறுப்பில்லை. ஆனால் நோட்ஸைக் குறை சொல்லும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகப் பார்க்கிறவர்கள். ஸெட் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் வாசல் மூடிவிடும். புரட்சியிலேயே ஆறு பாடவேளை கரைந்தால் இத்தாலியும் ஜேர்மனியும் எப்போது?

என் ஆலோசனை: வாக்கெடுப்பையும் துண்டுத்தாளையும் செய்யுங்கள், அன்றிரவே பாஸ் பேப்பரில் இருந்து ஒரு கட்டுரை வினாவை வீட்டுவேலையாகக் கொடுங்கள். சூடு ஆறுமுன் எழுதினால் அந்த வாதம் பந்தியாக வரும். வெறும் விளையாட்டாக விட்டால் பரீட்சை மண்டபத்தில் பழைய நோட்ஸ்தான் கையில் வரும்.

ஜேர்மனிய ஐக்கியத்துக்கு ஒரே ஒரு வரைபடம் போதும். 1815 வியன்னா மாநாட்டில் உருவான ஜேர்மன் கூட்டிணைப்பின் வெற்று வரைபடத்தை ஏ4 தாளில் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள். 1864 டென்மார்க், 1866 ஒஸ்திரியா, 1870 பிரான்ஸ்: ஒவ்வொரு போருக்கும் ஒரு நிறம். ஒஸ்திரியா ஏன் வெளியே நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். 1871 ஜனவரி 18இல் வேர்செயில்ஸ் கண்ணாடி மண்டபத்தில் பேரரசை அறிவித்ததைச் சொல்லும்போது, 1919 ஜூன் 28இல் அதே மண்டபத்தில் ஜேர்மனியர் கையெழுத்திட வைக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஒரு அலகு மிச்சம்.

பதில்: கொழும்புப் பல்கலைக்கழகம், இரண்டாம் வருடம்

நான் மோதரையில் இருந்து படித்து வந்தவள். ஹிட்லர் பாடம் மட்டும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் எங்கள் மிஸ் பலகையில் வெறும் எண்களை எழுதினார். நாசிக் கட்சியின் வாக்கு: 1928 மே 2.6 வீதம், 1930 செப்டெம்பர் 18.3, 1932 ஜூலை 37.3, 1932 நவம்பர் 33.1. எழுதிவிட்டு, “1928க்கும் 1930க்கும் இடையில் என்ன நடந்திருக்கும்?” என்றார். பணவீக்கம் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். அது 1923 என்று ஒரு பிள்ளை பிடித்தாள். அப்போதுதான் 1929 நியூயோர்க் பங்குச்சந்தைச் சரிவும் வேலையின்மையும் வந்து பொருந்தின.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி கடைசி எண். நவம்பரில் வாக்கு இறங்கியிருக்கிறது. பிறகு எப்படி 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் சான்சலர்? ஜனாதிபதி ஹிண்டன்பேர்க், முன்னாள் சான்சலர் பாப்பன், ஹிட்லரை நாங்கள் கட்டுப்படுத்தலாம் என்று நம்பிய ஆட்கள், மூடிய அறைக்குள் நடந்த பேரம். மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அவரைக் கொண்டுவந்தார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாராளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்ற ஹிட்லர் அரசுக்கு வழிவிட்ட மார்ச் 23 அதிகாரமளிப்புச் சட்டத்துக்கு 444 பேர் ஆதரவு, 94 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் எல்லாரும் சமூக ஜனநாயகவாதிகள். கம்யூனிஸ்டுகள் சபைக்கு வரவே முடியாமல் ஆக்கப்பட்டிருந்தார்கள். அந்த 94 பேரைப் பற்றி எழுதத்தான் நான் வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்தேன்.

கொட்டாஞ்சேனை மிஸ்

எல்லாருக்கும் நன்றி. சேர், வரைபட யோசனையைக் கட்டாயம் செய்வேன். பெரிய மிஸ், உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும். யூதர்களின் கடைகள் உடைக்கப்பட்டதைப் படிப்பிக்கும்போது என் வகுப்பில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. இவர்களின் அம்மம்மாக்கள் 83 ஜூலையில் இதே தெருக்களில் இருந்தவர்கள். “இங்கயும் அப்படித்தானே மிஸ்?” என்று ஒருநாள் வரும். என்ன சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, வெள்ளவத்தை

எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ‘அது வேறு, இது வேறு’ என்று மூடாதீர்கள், பிள்ளை உங்களை நம்பாது. ‘ஆமாம், அதேதான்’ என்றும் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் இரண்டையும் படிக்கத் தேவையில்லாமல் போய்விடும்.

முதலில் ஜேர்மனியை அதன் திகதிகளோடு முடியுங்கள். 1933 ஏப்ரல் 1 கடைப் பகிஷ்கரிப்பு. 1935 நியூரம்பேர்க் சட்டங்கள். யூதரிடமிருந்து குடியுரிமை பறிபோனது. 1938 நவம்பர் 9 இரவு ஜெபாலயங்கள் எரிந்தன. 1942 ஜனவரி 20 வான்சீ மாநாடு, யூதரை அழித்தொழிப்பதை அதிகாரிகள் ஒருங்கிணைத்த கூட்டம். ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்வி: யார் உத்தரவிட்டது, யார் செய்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகள் பிள்ளையின் கையில் இருந்தால் தன் வீட்டுக் கதையையும் அவளால் கேட்டு எழுதிக்கொள்ள முடியும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை என்று அவளே காண்பாள்.

அதற்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம், பேச விரும்பாத பிள்ளை பேசாமல் இருக்கலாம். முன்கூட்டியே அதிபரிடம் சொல்லி வையுங்கள், பெற்றோருக்கும் தெரியட்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளை, அம்மம்மாவைப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்ததை எழுதிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி, பக்கத்து வீட்டுக்காரரே ஆட்களைக் கூட்டிவந்ததை எழுதினாள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தோம். மூன்றாவது கேள்விக்கு வகுப்பு அதற்குப் பிறகு ஒரு வரியில் பதில் எழுதவே இல்லை.

நியூரம்பேர்க் சட்டங்களின் தமிழ்ச் சுருக்கமும் என் பழைய கோவைக்குள் இருக்கிறது. பிரகடனத்தோடு சேர்த்து இன்றிரவே அதையும் இங்கே போடுகிறேன்.