வீட்டிலிருந்து கற்பிக்கும் தாதிய விரிவுரையாளர்கள்: உடல்நோவையும் பணித்திறனையும் எப்படி அளப்பது?

கேள்வி – தாதிய விரிவுரையாளர், கோப்பாய்

வணக்கம். 2020 மார்ச் ஊரடங்கின்போது வீட்டுக்கு வந்த எங்கள் விரிவுரைகள் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மீண்டும் வீட்டுக்கே வந்தன. எங்கள் பிரிவில் கோட்பாட்டுப் பாடங்களில் ஒரு பகுதி இன்றும் இணையவழியில்தான் நடைபெறுகிறது. வைத்தியசாலை விடுதிகளில் நோயாளரின் கட்டிலருகே நின்று கற்பித்தவர்கள், இப்போது சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் மணிக்கணக்காக இருக்கின்றோம். கழுத்து நோவு, இடுப்பு நோவு என்று சொல்லாத சக ஆசிரியர் அரிது. வேலையிட அமைப்பு பணித்திறனைப் பாதிக்கிறதா என்பதை முறையாக ஆராய விரும்புகிறேன். வினாக்கொத்து ஒன்று மட்டும் போதுமா?

மறுமொழி 1 – இயன்மருத்துவர், மானிப்பாய்

அக்கா, ஆய்வு முடியும்வரை காத்திராமல் ஒன்றைச் செய்யலாம். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாக இணைந்திருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்துக் குனிகிறது, கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் உயர்கிறது. ஆகவே தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கணினியை வையுங்கள். இருபார்வைக் கண்ணாடி அணிபவர்கள் மட்டும் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வெக்கையில் மின்விசிறிக்கு நேரே கதிரையை இழுத்துவிட்டு, உடலைத் திருகிக்கொண்டு திரையைப் பார்ப்பவர்கள் பலர். கதிரையை அல்ல, மேசையையே நகர்த்துங்கள்.

மறுமொழி 2 – பொதுச் சுகாதார ஆய்வாளர், திருநெல்வேலி

வினாக்கொத்து மட்டும் போதாது. 1987 இல் வெளியான நோர்டிக் வினாக்கொத்து, உடலின் 9 பகுதிகளில் கடந்த 12 மாதங்களிலும் கடந்த 7 நாட்களிலும் இருந்த நோவைக் கேட்கும். இருக்கை, திரை, தொலைபேசி, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை நேரில் பார்த்து மதிப்பிட 2012 இல் வெளியான ரோசா முறை இருக்கிறது. அதில் மொத்தப் புள்ளி 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த இடத்தை மேலும் ஆராய வேண்டும். வீடுகளுக்குச் செல்ல இயலாவிட்டால், வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த படங்களைச் சம்மதத்துடன் பெறலாம். பணித்திறனை அளக்கத் தனிநபர் பணித்திறன் வினாக்கொத்து இருக்கிறது; அதில் 18 வினாக்கள் உள்ளன. எனினும் அது எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானது என்பதால், கற்பித்தலுக்கே உரியவற்றைத் தனியாகக் கேட்காது.

நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. தாதிய ஆசிரியர்களிற் பலர் ஆண்டுக்கணக்காக விடுதிகளில் நோயாளரைத் தூக்கியும் புரட்டியும் பணியாற்றியவர்கள்; அவர்களது இடுப்பு நோவு சாப்பாட்டு மேசைக்கு முன்னரே தொடங்கியிருக்கலாம். விடுதிப் பணியாண்டுகளையும் நோவு தொடங்கிய காலத்தையும் கேட்காவிட்டால், பழைய சுமையை வீட்டுக் கதிரையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். மேலும், ஒரே தடவை திரட்டும் தரவு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. மேசை, கதிரையைத் திருத்துவதற்கு முன்னும் சில வாரங்களுக்குப் பின்னும் அளந்தால் உங்கள் முடிவு வலுப்பெறும்.

மறுமொழி 3 – ஓய்வுபெற்ற தாதிய ஆசிரியை, சாவகச்சேரி

மகள், விடுப்பு நாட்களை எண்ணிப் பணித்திறனை முடிவுசெய்ய வேண்டாம். நம்மவர்கள் நோவோடும் வகுப்பை நடத்திவிடுவார்கள். குறைவது வகுப்பின் தரம். மாணவர் எழுதும் நோயாளர் பராமரிப்புத் திட்டங்களைத் திருத்தித் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது, மாணவர் கேள்விக்கு எவ்வளவு விரிவாக விடை எழுதப்படுகிறது என்பவற்றைப் பாருங்கள். செய்முறை விளக்கத்தையும் தனியாகக் கேளுங்கள். காயத்துக்கு மருந்து கட்டுவதைத் தாழ்ந்த மேசையில் குனிந்து காட்டினால், மாணவர் அந்தக் குனிவையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விடுதிப் பணியாண்டுகளைச் சேர்த்து, செய்முறை விளக்கத்துக்குத் தனிப்பகுதி அமைத்து, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அளக்கும் வகையில் முன்மொழிவை மாற்றி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புகிறேன்.