புதுப்பிப்பு: பாக்சிங் கிளவுஸ் 12 அவுன்ஸா, 16 அவுன்ஸா?

எடை 72 கிலோ, பஞ்ச் பேக்குக்கும் ஸ்பாரிங்குக்கும் (ஆளோடு ஆள் மோதும் பயிற்சி) ஒரே ஜோடி போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"இரண்டு ஜோடி வாங்கு" என்றவர் சொன்னதுதான் சரி. நான் கஞ்சத்தனமாக முதலில் 12 மட்டும் வாங்கினேன். பேக்குக்கு அருமை. ஸ்பாரிங் அன்று கோச் அதை வாங்கி, முட்டிப் பக்கப் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "எதிராளி மூக்கை உடைக்கவா?" என்று திருப்பித் தந்துவிட்டார். அப்புறம்தான் 16. ஒன்று சுமார் 450 கிராம். மூன்றாவது ரவுண்டில் தோள் கெஞ்சுகிறது.

எதிர்பாராதது ஒன்று: அவுன்ஸ் என்பது எடைதான், கை அளவு இல்லை. கிளவுஸ் போடுமுன் கையில் நாலரை மீட்டர் துணிப்பட்டை சுற்றியதும் என் 12இல் கை நுழையவே திணறுகிறது. கடைக்குப் பட்டையையும் எடுத்துப்போங்கள்.